வண்டிப் பாதை முடிந்த இடம்

எங்கள் ஊரில் ஆளுக்கொரு குளம் உண்டு. "எங்கட மூத்தவாப்பா வெட்டின குளம்" என்று தேநீர்க்கடையில் குந்தியிருந்து மேற்கே கை நீட்டுவார்கள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் குளம் இராது. பெரிய வாய்க்கால் வந்தபின் தேவையற்றுப்போன சின்னக் குளங்களின் கட்டைச் சரித்து, அடிமண்ணை உழுது, வெள்ளாமை செய்து தின்றுவிட்டுப் பாட்டன் பெருமை பேசும் கூட்டம். குளத்தை விழுங்கியவனுக்கு ஏப்பம்கூட வராது.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. என்னிடம் படம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், புவியியல் படிப்பிக்கும் வாத்தியாராக இருந்தபோது, கல்முனைக் கடைத்தெருவில் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் அதைக் கண்டெடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். பின்னால் சீலை ஒட்டியது. குளம் நீலம், வண்டிப் பாதை இரட்டைக் கோடு.

"இத ஊறப்போட்டு உரிச்சா தலகணி உறை ஒண்டு தைக்கலாம்" என்றாள் என் மனைவி. அவள் வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். என் வாப்பாவும் இருந்த ஆறு ஏக்கர் வயலை என் அக்காவுக்கு, நாங்கள் ராத்தா என்போம், சீதனமாகக் கொடுத்துவிட்டுத்தான் மௌத்தாகி மண்ணுக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தால் படத்தைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போவேன். வரம்பில் நின்று விரித்து, வயலுக்குரியவரை அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீங்க இப்ப குளத்துக்க நிக்கிறீங்க" என்பேன். "கால் நனையல்லியே" என்று சிரிப்பார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போவேன். அப்படிப் பத்துப் பன்னிரண்டு குளத்தைக் கண்டுபிடித்தேன். ஊரான் பொய்யைப் பிடிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் பெருநாள் சாப்பாட்டில்கூட இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் பக்கத்துப் பெரிய வயற்காரரான ஒரு போடியார், ராத்தாவின் வயலுக்குப் போகும் வழியை முட்கம்பி போட்டு மறித்தார். ராத்தாவின் புருஷன், என் மச்சான், நெல் மூட்டையைத் தலையில் சுமந்து, இடுப்பளவு வாய்க்காலில் இறங்கித்தான் றோட்டுக்கு வர வேண்டியிருந்தது. அவர்களுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூவருக்கும் சீதனம் அந்த வயல்தான்.

"வழி இல்லாட்டி அவருக்கே விக்கணும். அதுக்குத்தான் பாத்துக் கொண்டிரிக்கார்" என்று ராத்தா அழுதாள்.

"நீங்க சும்மா இரிங்க ராத்தா. என்னட்டப் படம் இரிக்கி" என்றேன்.

படத்தைப் பிரதி கீறி இணைத்து மனுக் கொடுத்தோம். அரசாங்கக் கந்தோரிலிருந்து காணி உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். கம்பிக்குப் பக்கத்தில் ஜீப்பின் பொனட்டின் மேல் மூலப் படத்தை விரித்தேன்.

"போடியார், கிட்ட வந்து பாருங்க. இந்த ரெட்டைக் கோடு வண்டிப் பாதை. வெள்ளக்காரன் கீறி வெச்சிரிக்கான். உங்கட கம்பி இதுக்கு மேலதான் நிக்கிது." வகுப்பில் மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

போடியார் கோபப்படவில்லை. குனிந்து, கோட்டின் மேல் நகத்தை வைத்து மெல்ல மேற்கே நகர்த்தினார்.

"பாதைண்டா எங்கயாவது போகணுமே வாத்தியார். இது எங்க போகுது?"

"குளக்கட்டுக்கு" என்றேன். வாய் முந்திவிட்டது.

"அந்தக் குளம் இப்ப எங்க இரிக்கி?"

கோட்டின் முடிவில் எள்ளளவு நீலம் இருந்தது. உத்தியோகத்தர் அடிமட்டத்தை வைத்து அளந்தார், நிமிர்ந்து ராத்தாவின் வயலைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். "கோடையிலயும் ஈரம் வத்தாத மண்" என்று வாப்பா அந்த வயலைப் பற்றிப் பீற்றுவார். ஏன் வற்றவில்லை என்று இந்தப் புவியியல் வாத்தியார் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாருடைய வயலையும் படத்தில் தேடியவன் சொந்த வாப்பாவின் வயலைத் தேடவில்லை. எங்கள் வாப்பா அப்படிச் செய்யமாட்டார் என்ற மடத்தனம். தேநீர்க்கடைக்காரர்களும் தங்கள் பாட்டனைப் பற்றி அதைத்தானே சொன்னார்கள்.

சில மாதத்தில் கடிதம் வந்தது. என் வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டிப் பாதையைத் திறக்க வேண்டும். குளம் அரசாங்கக் காணி, பயிர் செய்யக் கூடாது. வாப்பா பெரியவர்கள் முன்னால் வாயால் கொடுத்த சீதனத்துக்கு உறுதிப் பத்திரம் எதுவும் கிடையாது. மற்றக் குளங்களை விழுங்கியவர்கள் இன்றும் அறுவடை செய்கிறார்கள். கந்தோர்க் கோப்பில் படத்தோடு போன குளம் எங்களுடையது ஒன்றுதான். அதையும் யாரும் திரும்ப வெட்டவில்லை. புல் மண்டிக் கிடக்கிறது. போடியாரின் எருமைகள் அங்கே படுத்திருக்கின்றன.

கடிதம் வந்ததும் போடியார் மறுபேச்சில்லாமல் கம்பியை அவிழ்த்தார். திறந்த பாதையில் முதலில் வந்தது அரசாங்க எல்லைக்கல் ஏற்றிய உழவு இயந்திரம். அது குலுங்காமல், சேற்றில் புதையாமல் நேரே வயலடிக்குப் போய் நின்றது. ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதையே பார்த்தாள்.

"வழி நல்லாத்தான் இரிக்கி, தம்பி" என்றாள்.