செவலைக் கன்றும் என் முடிச்சும்

என் அக்காள் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கியிருந்தது. தன் கறுப்புப் பசு தலையீற்றில் போடும் கன்றைக் குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு விடுவதாக மச்சான் நேர்ந்துகொண்டார். சனீஸ்வரனுக்கு உகந்தது கறுப்பு. பசுவும் கறுப்பு, சேர்த்த காளையும் அவர் தொழுவத்திலேயே வளர்ந்த கறுப்புக் காளை. ஆகையால் கன்றின் நிறத்தைப் பற்றிச் சாமியிடம் துணிந்து வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிறந்த கிடேரிக் கன்று செவலை. நெற்றியிலிருந்து வால் நுனிவரை சுட்ட செங்கல் நிறம். கறுப்பு மயிர் ஒன்றுகூட இல்லை.

பெரியாற்றில் அணை வேலை நடந்த காலம் அது. எங்கள் ஊர் வழியாகப் போன வண்டிக்காரர்கள் கன்றைப் பார்த்துத் தத்தம் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பசு சினையாக இருந்தபோது செம்மண் கரையில் மேய்ந்ததுதான் காரணம் என்றார் ஒருவர். மலைக்கு மேலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி, அந்திச் சிவப்பைப் பார்த்த பசு இப்படித்தான் ஈனும் என்றார். மச்சான் எதையும் காதில் வாங்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே முடுக்கு என்கிற சின்னச் சந்துதான். எங்கள் தொழுவத்தில் நின்றது செவலைக் காளை.

"ஒங்க காளை கயிற அவுத்துக்கிட்டு வந்துருக்கு மாப்ள," என்றார்.

இதை என்னிடம் சொன்னார். நான் மாலையில் காளையைக் கட்டியபின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவன். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து என் மனைவி அழுதிருக்கிறாள். என் முடிச்சு அவிழ்ந்தது என்பதைவிட, ஊர்க்கிணறு எழுந்து நடந்தது என்று சொல்லியிருக்கலாம்.

விஷயம் முடிச்சோடு நிற்கவில்லை. என் மகனுக்கு அக்காள் மகளைப் பேசி, பரிசம் போட நாள் பார்க்கவிருந்தோம். மச்சான் அதை நிறுத்திவைத்தார். மாட்டைக் கட்டத் தெரியாத வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஊரில் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். நான் ஒத்துக்கொண்டால் மறுநாளே பரிசம். அவிழ்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கும்படி மனைவியும் மகனும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவிழாததை அவிழ்ந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே ஒரு சோதனை சொன்னேன். என் காளையைக் கம்பம் ஊரில் இருக்கும் சகலை வீட்டில் விட்டுவிடுகிறேன். அதே பசுவை அதே கறுப்புக் காளைக்குச் சேர்க்கட்டும். மறுபடி செவலை பிறந்தால் என் முடிச்சின் மேல் குற்றமில்லை. மச்சான் சம்மதித்தார். காத்திருந்தோம். என் மகன் தினமும் பச்சைப் புல் அறுத்து அந்தப் பசுவுக்குக் கொண்டுபோனான். எங்கள் மாட்டுக்கு அவன் புல் அறுத்து நான் பார்த்ததில்லை.

பிறந்தது அட்டைக் கறுப்பு.

"பாத்தீகளா மாப்ள? ஒங்க காளை ஊர்ல இல்லேன்னா எங்க பசு ஒழுங்கா ஈனுது."

நான் வைத்த சோதனையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

சாணி அள்ளிக்கொண்டிருந்த அக்காள் கூடையை இறக்கி வைத்தாள். கல்யாணத்தின்போது அவளோடு எங்கள் வீட்டிலிருந்து சீதனமாகப் போனது ஒரு செவலைப் பசு. அது அங்கே ஈன்றதெல்லாம் கறுப்பு. தன் வாசலை மிதித்தால் செவலையும் கறுப்பாகிவிடும் என்று மச்சான் பல வருஷம் பெருமை பேசியிருக்கிறார்.

"ஒங்க கறுப்புக் காளைய யாரு பெத்தா? அந்தச் செவலை. இந்தப் பசுவையும் அவதேன் பெத்தா," என்றாள். "ஒங்க கறுப்புப் போர்வைக்குள்ள எங்க செவலை படுத்துக் கெடந்துருக்கு. ஒருக்கா எந்திரிச்சுப் பாத்துருச்சு."

எனக்குக் கணக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. கன்று தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு வாங்குகிறது. இரண்டில் ஒன்று கறுப்பானாலும் மேலே தெரிவது கறுப்புதான். செவலை உள்ளே ஒளிந்துகொள்கிறது, அழிந்துபோவதில்லை. காளையும் பசுவும் இரண்டுமே தம் செவலைப் பங்கைக் கொடுத்துவிட்டால் மூடுவதற்குக் கறுப்பு இல்லை. அது எப்போதாவதுதான் நேரும். அதனால்தான் என் சோதனை கவிழ்ந்தது. கறுப்புக்கோ ஒளியத் தெரியாது. எங்கள் தொழுவத்தில் செவலையும் செவலையும் சேர்ந்து ஒருநாளும் கறுப்பு பிறந்ததில்லை. தரையில் உளுந்தையும் துவரையையும் இரண்டிரண்டாக வைத்து மச்சானுக்கு விளக்கினேன். கோழி வந்து உளுந்தைத் தின்னும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்பத் தப்பு ஒங்க வீட்டு மேலதேன்."

"மாட்டு மேல மச்சான். முடிச்சு மேல இல்ல."

"நானும் அந்த வீட்டுக்காரிதேன்," என்றாள் அக்காள். "எம் மகளுக்குள்ளயும் எங்க வீடு படுத்துத்தேன் கெடக்கும். நாளப் பாருங்க."

மச்சான் நாள் பார்த்தார்.

தலையீற்றாக இல்லாவிட்டாலும் நிறம் சரியென்று பூசாரி கறுப்புக் கன்றை ஏற்றுக்கொண்டார். வளர்ந்துவிட்ட செவலைக் கிடேரி மணப்பெண்ணோடு சீதனமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. மச்சானே ஓட்டிவந்தார், என்னைத் தொடவிடாமல் தன் கையால் கட்டினார். முடிச்சு எப்படிப் போடவேண்டும் என்று எனக்குக் காட்டியும் கொடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிடேரி முடுக்கைத் தாண்டிப் போய்த் தன் தாயின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் போய் ஓட்டிவந்து கட்டினேன்; ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தபோது, எனக்கு முன்னால் மச்சான் அங்கே நின்று கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.