ஓரம் தேய்ந்த டயர்

அந்தப் பின் டயரை ரிம்மிலிருந்து கழற்றி மடியில் வைத்துத் தடவியபோது என் கை ஒரு கணம் நின்றது. பதினைந்து வருடம் ஆகிவிட்டது, அந்த இடம் இன்றும் என் விரலுக்குத் தெரியும். அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்திலிருந்தே நான்தான் டயர் மாற்றி வந்தேன். ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி பலகைபோல் தட்டையாக இருக்கும், இரண்டு ஓரமும் கடையிலிருந்து போன அன்று இருந்தபடியே இருக்கும். அன்று ஓரங்கள் தேய்ந்திருந்தன. அது என் தங்கையின் மோட்டார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். இன்று சுங்கை பட்டாணியில் மூன்று கடை அகலத்துக்கு டயர் கடை வைத்திருக்கிறேன் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை, இந்தக் கை கொடுத்தது. ஒரு டயரைத் தடவினால் அது எங்கே ஓடியது, ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடியதில் சரளைக்கல் கடித்த தழும்பு இருக்கும். அவசரக்காரனின் முன் டயர் பிரேக் அடித்து அடித்து அலை அலையாக இருக்கும். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குத் தினமும் போய் வருகிறவர்களின் டயர் நடுவில் மட்டும் தேயும். நேர்ச்சாலை, ஒரே வேகம், ஒரே தடம். அப்படித் தட்டையான டயரில் நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. திருப்பும்போதுதான் தெரியும். வண்டி சாய மறுக்கும், தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டதுபோல் நேராகவே இழுக்கும். இன்னும் அழுத்தினால் படி தவறியவன்போலச் சட்டென்று விழும். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள். கடையில் நாலு பேர் இருந்தால் நான் டயரைத் தூக்கிப் பிடித்து இவற்றைச் சத்தமாகவே சொல்வேன். அதைக் கேட்பதற்காகவே சிலர் வருவார்கள்.

என் தங்கையைச் சிடாம் கிரியில் கட்டிக் கொடுத்திருந்தோம். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கண் மட்டும் தெரியும்படி வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் கணினிச் சில்லுகளைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமனார். அவள் புருஷன், என் மச்சான், கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஷிஃப்ட் முடிந்து எத்தனை நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பத்து நிமிடம் தாண்டினால் கைத்தொலைபேசி அடிக்கும்.

அந்த டயரைக் கழற்றிய அன்று பொது விடுமுறை. இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க, மச்சான் என் பக்கத்தில் நின்றான். இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள், ஒரு காய்கறி வியாபாரி. ஆள் கூட்டம் கண்டதும் என் வாய்க்கு அடக்கம் இல்லாமல் போயிற்று.

"மச்சான், இது கூலிம் ரோட்டுத் தேய்மானம் இல்ல. மலை ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுன டயரு. ஜெராய் மலைதான், எழுதி வச்சுக்க" என்றேன்.

காய்கறி வியாபாரி சிரித்தார். "அண்ணன் டயரப் பாத்தே ஜாதகம் சொல்வாரு லா."

மச்சானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டம் இல்லாதபோது ஒரு தடவை அவளைத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. தொழிற்சாலையில் பயிற்சி என்று சொல்லி, மாதத்தில் ஒருநாள் ஓய்வு நாளில் கிளம்பியிருக்கிறாள். மலை உச்சிவரை ஏறுவாள், ஒரு பொட்டலம் ஐஸ் தேத்தண்ணி குடிப்பாள், இறங்கிவிடுவாள். அவ்வளவுதான் என்றாள். யாருடன் என்று மச்சான் கேட்டான். பஞ்சாயத்து என் வீட்டில்தான் நடந்தது. மூத்தவன் என்று நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதையே மூன்று தடவை கேட்டேன்.

"வளைவுக்குத்தாண்ணே போனேன்" என்றாள். "கூலிம் ரோட்டுல நான் ஓட்டல, அதுதான் என்னக் கொண்டுபோவுது, கொண்டாந்து விடுது. மலையிலதான் நான் ஓட்டுறேன்."

யாரும் நம்பவில்லை. நானும்தான். மறுநாள் அதே மோட்டாரை எடுத்துக்கொண்டு நானே மலைக்குப் போனேன், அவள் சந்திக்கிற ஆளைப் பிடித்துவிடுவது என்று. புது டயர், முதல் வளைவில் கொஞ்சம் வழுக்கப் பார்த்தது. நாலாவது வளைவில் உடம்பு பழகிவிட்டது. இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி தானாகச் சாய்கிறது. சாய்ந்த பக்கம் டயரின் ஓரத்தைச் சாலை வந்து தாங்கிக்கொள்கிறது. நிமிர்வதற்குள் அடுத்த வளைவு. முப்பது வருடம் டயர் விற்றவன், டயர் எதற்காக ஓரம்வரை உருண்டையாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். உச்சியில் தேத்தண்ணிக்காரர் ஒருவர் இருந்தார். தனியாக வரும் பெண்ணைக் கேட்டேன். வரும், குடிக்கும், சிரித்துக்கொண்டே போகும் என்றார்.

மச்சானிடம் வந்து, அங்கே ஒருத்தனும் இல்லை, வெறும் வளைவுதான் என்று சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டான். "ஒரு பொம்பள சும்மா மோட்டார் ஓட்ட மலைக்குப் போவாளா மச்சான்? உங்க வீட்டுல போனா வுடுவீங்களா?"

நான் விடமாட்டேன், அது அவனுக்கும் தெரியும்.

சாவி அவன் சட்டைப் பைக்குப் போனது. தொழிற்சாலை வேன் வீட்டு வாசலுக்கே வர ஏற்பாடானது. காலையில் அது ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து இறக்கும். நான் போட்ட புது டயர், மேலே இருக்கும் ரப்பர் மயிர்கூட முழுசாக உதிராமல், முன்தாழ்வாரத்தில் நின்றது. காற்று இறங்கி, ஒரே இடத்தில் பாரம் அழுத்தி, டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விட்டது. ஓடித் தேய்ந்த டயரை ஆயிரக்கணக்கில் குப்பையில் எறிந்திருக்கிறேன், வருத்தம் வந்ததில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் என்னைத் திட்டவே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒனக்கு எல்லாம் தெரியும்தான். சொல்லியே ஆகணுமாண்ணே?"

போன மாதம் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மோட்டார் அந்தப் பெண்ணுடையது. டயரைக் கழற்றியதும் கை அதே மாதிரி நின்றது. இரண்டு ஓரமும் தேய்ந்து, நடு இன்னும் பாக்கி. ஓரம் ஏன் இப்படிப் போகிறது என்று கணவன் கேட்டான். அந்தப் பெண் தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடை நிறைய ஆட்கள்.

"காத்து கம்மி. அதான் ஓரம் தேயுது" என்றேன்.

"வாரா வாரம் நாந்தான் காத்து பாக்குறேன் அங்கிள். ஒங்களுக்கும் வயசாயிருச்சு லா" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வருடத் தொழிலில் என் முகத்துக்கு நேரே அப்படி ஒருவன் சொன்னதில்லை. ஆமாம், கை முன்னைப்போல் இல்லை என்று சொல்லிவிட்டுப் புது டயரை ஏற்றினேன்.

அந்த வாரமே சிடாம் கிரிக்குப் போனேன். தங்கை வேலைக்குக் கிளம்பி, வேனுக்காக வாசலில் நின்றிருந்தாள். தலையில் பாதி நரை. நடந்ததைச் சொன்னேன். நல்லது செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்ததை மறைக்க மாட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"ஓரம் எதுவரைக்கும் தேஞ்சிருந்துச்சுண்ணே?" என்று கேட்டாள்.

"கடைசி விளிம்பு வரைக்கும்."

வேன் வந்து ஹாரன் அடித்தது. உணவுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"நான் அந்த அளவுக்கு வண்டியச் சாச்சதில்ல" என்றாள். கதவை உள்ளிருந்து யாரோ திறந்தார்கள். ஏறிக்கொண்டாள்.