எல்லாம் தோட்டம்தான்

தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டன் நகரத்தில் ஒரு சின்ன நூலகத்தில் வேலை பார்த்தேன். பத்திரிகைகளில் மலையகத்தைப் பற்றி வரும் செய்திகளை வெட்டி, தாளில் ஒட்டி, மேலே ஒரு தலைப்பு எழுதி, அந்தத் தலைப்புக்குரிய பெட்டியில் போட வேண்டும். தற்காலிக வேலைதான். நிரந்தரமாகிவிடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு நோர்வூட்டிலிருந்து அவள் வந்து சேர்ந்தாள். அதே வேலைக்கு, அதே மேசைக்கு. நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. அவளுடைய கையெழுத்து அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பெட்டிகளில் 'தோட்டம்' என்ற பெட்டிதான் பெரியது. மூட முடியாமல் பிதுங்கி நிற்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பெருமை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தலைப்பு தோன்றும்? சம்பளப் பேச்சோ தண்ணீர்க் குழாயோ, எல்லாம் தோட்டத்தில்தானே நடக்கிறது.

அவள் அந்தப் பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தாள்.

"அக்கா, தேடி வர்றவங்க தோட்டம்னு கேக்க மாட்டாங்க. கூரை பறந்துச்சுன்னு கேப்பாங்க, தண்ணி வரலன்னு கேப்பாங்க" என்றாள். கூரை, தண்ணீர், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா என்று புதுப் பெட்டிகள் முளைத்தன.

எங்கள் நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். "பாத்தியளே பிள்ளை, கொழும்பில எண்டா தோட்டம் எண்ட சொல்லுக்கு ஒரு பாரம் இருக்கு. இஞ்ச எல்லாமே தோட்டம்தானே. அப்ப அந்தச் சொல் ஒண்டும் சொல்லாது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சிரித்தது அவளைப் பார்த்து.

நானும் விடவில்லை. 'நோர்வூட் பாதையில் மழையில் சறுக்கிய கொழுந்து லொறி' என்று ஒரு தலைப்பு எழுதினேன். 'உடப்புசல்லாவையில் சிறுத்தை தூக்கிய நாய்' என்று இன்னொன்று. ஒவ்வொரு செய்திக்கும் தனிப்பெட்டி கேட்டேன்.

"பிள்ளை, இது தலைப்பில்லை, செய்தியேதான்" என்று நூலகர் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் ராகலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காற்றில் அவர்களுடைய லயத்துக் கூரை போய்விட்டது, பத்திரிகையிலும் வந்ததாம். தோட்ட நிர்வாகியான துரையிடம் காட்ட அந்தச் செய்தி வேண்டும். வெவ்வேறு பத்திரிகைகளிலிருந்து நாங்கள் இருவருமே அதை வெட்டி வைத்திருந்தோம். முந்திக்கொண்டு எழுந்தது நான்தான். என் நீளத் தலைப்பை 'காற்று' என்று தொடங்கினேனா, 'ராகலை' என்றா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெட்டி பெட்டியாகக் குடைந்துகொண்டிருந்தபோதே, அவள் கூரைப் பெட்டியில் கைவிட்டு எடுத்து நீட்டிவிட்டாள்.

"நீ நல்லா இருப்ப தாயி" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

நிரந்தர வேலை அவளுக்குத்தான் கிடைத்தது; நான் தற்காலிகமாகவே நீடித்தேன். சில வருடங்கள் கழித்து, கல்யாணமாகி அவள் கொழும்புக்குப் போன பிறகே அந்த நாற்காலி எனக்கு வந்தது. கூடவே கணினியும் வந்தது. தலைப்புகளை அதில் ஏற்றச் சொல்லிக்கொடுக்க வந்த அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "யாருங்க இதெல்லாம் போட்டது? ரொம்ப நல்லா இருக்கே" என்றார்.

"முந்தி இருந்தவங்க" என்றேன்.

அவளுடைய சொற்களை எல்லாம் அழித்துவிட்டு என்னுடையதைப் போட இப்போது எனக்கு முழு அதிகாரம் இருந்தது. ஒன்றைக்கூட மாற்றவில்லை. மாற்றினால், தேடும்போது எனக்கே எதுவும் கிடைக்காது.