இரும்பு போகக் கூடாத அறை

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்பார்கள். எங்களுக்கு அந்த இரும்பு, ஆனேக்கல் வாடகை வீட்டுச் சாவிக்கொத்து. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் சோதிக்கிற வேலை எனக்கு; எதையும் சோதிக்காமல் நம்பினால் வேலை போய்விடும். ஆனாலும் தம்பி விழுந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, அடுத்து சாவியைத்தான் தேடுவேன். டாக்டர் எத்தனையோ தடவை திட்டிவிட்டார். வலிப்பு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தம்பி கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தவன். வலிப்பு அதிகமானதும் வண்டியை விட்டான். பிறகு மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் தின்ற இட்லியை மதியத்துக்குள் மறந்துவிட்டு, “பட்டினி போட்டுட்டியேக்கா” என்பான். கிண்டலா, நிஜமா என்று எனக்கே தெரியாது.

மாத்திரைகளை மாற்றிப் பார்த்துச் சலித்த டாக்டர் மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். “இத்தனை வருஷ வலிப்பு உள்ளே என்ன பண்ணியிருக்குன்னு பாக்கணும். ஞாபகத்துக்கான இடம் ரெண்டு பக்கமும் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தா ஆபரேஷனுக்கு வழி இருக்கு. ரெண்டும்னா கஷ்டம்.”

ஒரு பக்கமாக மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூடப் பிறந்தவனுக்கு மூளையில் பாதி கெட்டிருக்கட்டும் என்று வேண்டுகிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

ஸ்கேன் அறை வாசலில் அவனுடைய பெல்ட், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அந்த மெஷினே ஒரு பெரிய காந்தமாம். சாவிக்கொத்து என் பையில் இருந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடியப் போகிற நேரத்தில் அவன் கால்கள் உதறத் தொடங்கின.

டெக்னீஷியன் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்ற ஊழியர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பேடாம்மா, பேடா. வேண்டாம். இரும்பு அது. மெஷின் இழுத்துக்கும். தம்பி மேலயே போய் அடிக்கும்.”

நின்றுவிட்டேன். அவன் துடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உதவாக்கரையாக நான் எங்கேயும் நின்றதில்லை.

வெளியே ஸ்ட்ரெச்சரில் கண் விழித்ததும் அவன் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தான்.

“நீ எங்கக்கா போயிருந்தே?”

“இங்கதான்டா இருந்தேன்.”

“கையில சாவி இல்லையே. எப்ப முழிச்சாலும் சாவி இருக்கும். நீ பக்கத்துல இருந்தேன்னு தெரிஞ்சுக்குவேன்.”

இட்லி மறந்தவனுக்கு இது மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். அன்றைக்கு மெஷினுக்குள் வலிப்பு வருவதற்கு முன்பே எடுத்த படங்கள் தெளிவாக இருந்தன. சாம்பல் நிறத்தில் தம்பியின் மூளை. பேனா முனை இடது பக்கம் ஓரிடத்தைத் தொட்டது. அதோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு பேனா வலது பக்கம் போய் அங்கேயும் நின்றது.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு வலிப்பு எதுவும் வரவில்லை. நான் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன்.