ஆற்றோரத் தொகுதி தூங்கிய வெள்ளிக்கிழமை

கதவக்காவின் வேலை கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். கேட்டால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று தோன்றும். ஆனால் அது நாடாளுமன்றத்தின் கதவு. வாக்கெடுப்பு என்று சபாநாயகர் சொன்னதும் கட்டடம் முழுக்க மணி அடிக்கும், ஐந்து நிமிடம் விடாமல் அடிக்கும். அதற்குள் உள்ளே வந்தவருக்கு ஓட்டு உண்டு, வராதவர் வேடிக்கை பார்க்கலாம். மணி நின்றதும் கதவக்கா தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள். பிரதமரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு தடவை நின்றும் இருக்கிறார், பாதி கடித்த பிஸ்கட்டோடு.

இன்னொரு விதியும் உண்டு. வாசலில் இருப்பவர் எந்த உறுப்பினரையும் கூப்பிடக் கூடாது, தடுக்கவும் கூடாது. ஒருவரைப் பார்த்துக் கையசைத்தால்கூட ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். இருபத்து மூன்று வருடத்தில் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஓடிவரும்போது செருப்பு கழன்றதைக்கூட அவள் சொல்லவில்லை. அவரே திரும்பிப் போய் எடுத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை ஒரு மாதிரி மிதக்கும். நிதி மசோதாவின் பன்னிரண்டாவது பிரிவைப் பற்றி யாராவது ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருப்பார்கள். உயரத்துக் கண்ணாடி வழியாக வெயில் கம்பளத்தில் விழுந்து மெதுவாக நகரும். கண்ணைத் திறந்து வைத்தபடியே கனவு காணக் கதவக்கா அங்கேதான் பழகினாள். அந்தச் சபையில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் கிடையாது. ‘ஆற்றோரத் தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்’ என்றுதான் சொல்வார்கள். அதனால் அவள் கனவில் உறுப்பினர் உள்ளே நுழையும்போது பின்னாலேயே தொகுதியும் நுழையும். குடை பிடித்தவர்கள், இடுப்பில் குழந்தை வைத்தவர்கள், சீருடை கழற்றாத பேருந்து ஓட்டுநர்கள் என்று எழுபதாயிரம் பேர் சத்தமில்லாமல் மிதியடியில் கால் துடைத்துக்கொண்டு வருவார்கள். நாட்டு ஜனம் மொத்தமும் ஒரே அறையில் உட்கார முடியாது என்பதால்தானே ஊருக்கொருவரை அனுப்புகிறோம்? அவள் கனவில் அந்தச் சிக்கனம் கிடையாது. எல்லாருக்கும் இடம் இருக்கும்.

ஆற்றோரத் தொகுதிக் கூட்டத்தில் கடைசியாக ஒரு பெண் வருவாள். தோளில் துணிப்பை, முகத்தில் தூக்கம். அது கதவக்காவின் தங்கை.

தங்கைக்கு வீட்டில் சின்னவள் என்று பெயர், நாற்பத்தேழு வயதிலும் அதே பெயர்தான். புருஷன் போனபின் அக்காவோடு வந்துவிட்டாள். பத்தொன்பது வருடமாக ஒரு பெரிய வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள், துடைக்கிறாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புவாள். வாரத்தில் ஏழு நாளும் இப்படித்தான். தொழிற்சாலைக்கு வார விடுமுறை என்று சட்டம் இருந்தது, கடைக்கும் இருந்தது. வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களைச் சட்டம் போட்டவர்கள் மறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தி சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அதற்குத்தான் ஒரு மசோதா வந்திருந்தது. வீட்டு வேலை செய்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. அரசு கொண்டுவந்ததல்ல, ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்தது. முதல் கட்டம் தாண்டி, இரண்டாம் கட்டம் தாண்டி, குழுவில் மாட்டி வரிவரியாகப் பிரித்து மேயப்பட்டு, கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. கொறடா உத்தரவு கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பலருடைய மனசாட்சி சொந்த ஊருக்கு ரயிலேறிவிடும் என்பதுதான் சிக்கல். ஆனால் ஆற்றோரத் தொகுதி உறுப்பினர் இருப்பார். தேர்தல் நேரத்தில் அக்கா தங்கை வீட்டு வாசலிலேயே நின்று, வார விடுமுறைக்குத் துணை நிற்பதாகச் சின்னவளிடம் வாக்குக் கொடுத்தவர்.

அன்று காலை சின்னவள் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஓட்டு எத்தனை மணிக்குக்கா?”

“நாலு மணி ஆகும். பேசுறதுக்கு ஏழெட்டுப் பேர் இருக்காங்க.”

“ஜெயிச்சிடுமா?”

“இழுபறிதான். ஒண்ணு ரெண்டுல நிக்குது. ஜெயிச்சா என்னடி பண்ணுவ?”

“தூங்குவேன்,” என்றாள் சின்னவள். “மத்தியானத் தூக்கம் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு.”

இரண்டு மணிக்குக் கதவக்கா தன் வாசலுக்கு வந்தாள். எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள் ஓய்வெடுக்கும் கூடம். அங்கே சோபாவில் ஆற்றோரத் தொகுதி உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் இரவெல்லாம் தொகுதியில் வெள்ளம் பார்த்துவிட்டு நேரே வந்தவர், காலணியில் சேறு காய்ந்திருந்தது. முகத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. கதவக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, பாவம் தூங்கட்டும் என்று உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மின்விசிறியையும் ஒரு சுற்று கூட்டி வைத்தாள். அவர் ஏதோ முனகிப் புரண்டு படுத்தார்.

மூன்றே காலுக்கு உள்ளே விவாதம் சரிந்தது. பேச மீதியிருந்த நாலு பேரை அடுத்தடுத்து அழைத்தார்கள், நாலு பேரும் ரயிலில் இருந்தார்கள். பேச ஆளில்லை என்றால் பிறகென்ன, சபாநாயகர் வாக்கெடுப்பு என்றார். மணி அடிக்கத் தொடங்கியது.

ஆற்றோரத் தொகுதி உறுப்பினர் எழுந்து உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டு நாலு மணிக்கு என்று அவருக்கும் தெரியும். சபையில் ஆள் குறைந்தாலும் மணி அடிப்பது உண்டு. அது விட்டு விட்டு அடிக்கும், இது விடாமல் அடிக்கும். அரைத் தூக்கத்தில் இருந்தவருக்கு அது எங்கே பிடிபடும்? ஆள் குறைகிறது போல என்று அவர் நிதானமாக மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதவக்கா நின்றாள். இருபதடி தூரம்தான். ஒரு குரல் போதும், ஒரு கை அசைத்தால் போதும். விழித்தபடியே கனவு வந்தது. தலை வாரிக்கொண்டிருந்த மனிதருக்குப் பின்னால் எழுபதாயிரம் பேர் வந்து நின்றுகொண்டிருந்தார்கள், கூடம் நிறைந்து படிக்கட்டு வரைக்கும். கடைசியில் தோளில் பையோடு சின்னவள். பக்கத்தில் இன்னொருத்தி. உற்றுப் பார்த்தால் அது அவளேதான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரிசையில் நின்று அவள் போடுகிற ஓட்டும் அந்த மனிதருக்குத்தானே போயிருந்தது.

அவள் கூப்பிடவில்லை.

கடைசி நிமிடத்தில் அவருக்கு உறைத்தது. சீப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் கை கதவைத் தொடுவதற்குள் மணி நின்றது. கதவக்கா தாழ்ப்பாளைப் போட்டாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆம் என்றவர்கள் நாற்பத்திரண்டு. இல்லை என்றவர்கள் நாற்பத்திரண்டு.

சபாநாயகருக்குச் சாதாரணமாக ஓட்டு கிடையாது, இரு பக்கமும் சமமானால் மட்டும் ஒன்று உண்டு. பேச்சு இன்னும் பாக்கி இருக்கும் கட்டமானால் பேச்சு தொடரட்டும் என்று ஆம் போடுவார். கடைசிக் கட்டத்தில், பெரும்பான்மை இல்லாத ஒரு சட்டம் தன் ஒரு கையால் பிறக்கக் கூடாது என்று பழைய நிலைமையே நீடிக்க விட்டுவிடுவார். அது அந்தச் சபையின் நெடுநாள் வழக்கம். அவர் மெல்லிய குரலில் இல்லை என்றார். மசோதா விழுந்தது. வெயில் மட்டும் கம்பளத்தில் எப்போதும்போல நகர்ந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்குச் சின்னவள் வந்து பையை இறக்குவதற்குள் கதவக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திரை இழுத்ததைக்கூட மறைக்கவில்லை.

சின்னவள் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“எதிர்த்து ஓட்டுப் போடுற ஆளு ஓடி வந்திருந்தாலும் இப்படித்தான் மூடியிருப்பியா?”

“ஆமாடி.”

“சரி, அப்போ கதவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.” கால்களை நீட்டிக்கொண்டாள். “ஆனா, தூங்குற மனுஷன் முகத்துல வெயில் படுதுன்னு திரையை இழுத்து விட்டியே. எனக்கு என்னைக்காவது இழுத்து விட்டிருக்கியாக்கா?”

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சபைக்கு விடுமுறை. கதவக்கா ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து, அலாரம் அடிப்பதற்குள் அதை அமுக்கினாள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரையே கிடையாது. தன் போர்வையை எடுத்து இரண்டு ஆணியில் மாட்டினாள், அறை இருட்டானது. சின்னவள் புரண்டு படுத்து ஏதோ முனகினாள். கதவக்கா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

விடிந்தும் விடியாத தெருவில் நடக்கும்போது பின்னால் யாரோ வருவது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய வீட்டின் மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். வீட்டுக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்தார்.

“நீங்க யாரு? அவ எங்கே?”

“தூங்குறா,” என்றாள் கதவக்கா. “அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.”

அம்மாள் கதவில் கை வைத்தபடி யோசித்தார். சாத்துவதா, திறப்பதா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. கதவக்கா அவசரப்படுத்தவில்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மிதியடியில் கால் துடைத்துவிட்டு நின்றாள்.