பூமி நிற்பதற்கு நான் சாட்சி

போன வாரம் தேனியில் ஒரு கல்யாணம். பிரியாணியை முடித்துவிட்டு நாலு பேர் சாயங்கால அஸர் தொழ மண்டபத்து மொட்டை மாடிக்கு ஏறினோம். மக்காவின் கஅபா இருக்கும் திசை, அதாவது கிப்லா, எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே. மூன்று பேர் போனை எடுத்தார்கள். மூன்று போனும் மூன்று திசையைக் காட்டின. அதில் ஒன்று, தன்னைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டினால்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தது. பேங்கில் பெரிய வேலையில் இருப்பவர், பாவம், வெயிலில் நின்று எட்டு போட்டுக்கொண்டிருந்தார். சூரியன் எங்கள் முகத்துக்கு நேராகத்தான் நின்றது. அதை யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழப்போகிற நேரத்தில் சிரிக்கலாமா? என் மாமனாரின் குச்சி ஞாபகம் வந்துவிட்டது, என்ன செய்வது.

அவருக்கு ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு மருந்தாக அடிக்க மயில்துத்தம் வாங்குவதற்கு, நான் வேலை பார்த்த கம்பத்து உரக்கடைக்கு வருவார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை இன்றைக்கும் எனக்கு மாமனார் வாடைதான். வெள்ளிக்கிழமை அத்தர் பூசிக்கொண்டு வந்தாலும் அதை மீறிக்கொண்டு வரும். மோட்டார் ரூம் முன்னால் ஒரு குச்சி நட்டிருந்தார். உச்சிநேரத்து நிழலைக் கழித்து, மிச்சம் குச்சியைப்போல ரெண்டு மடங்கானால் அஸர். கையில் கடிகாரமும் உண்டு. கடிகாரம் பஸ்ஸுக்கு, குச்சி தொழுகைக்கு.

நான் பெண் பேசப் போன அன்று, டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கீகளாமே தம்பி, ஒண்ணு கேக்குறேன். பூமி சுத்துதா, நிக்குதா?"

எனக்கு முன்னால் வந்த காலேஜ் மாப்பிள்ளை ஒருவர், சுற்றுகிறது என்று கையை ஆட்டி விளக்கிவிட்டு வெறும் டீயோடு திரும்பிய கதை கடைவீதிக்கே தெரியும். 'பத்தாவது வரைக்கும்' என்பதில் அந்த 'வரைக்கும்' ரொம்ப முக்கியம். அறிவியலில் பெயிலாகித்தான் எனக்குப் படிப்பு நின்றுபோனது. ஆனால் பூமி சுற்றும் என்ற அளவுக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"நிக்குது மாமு," என்றேன்.

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! சுத்துனா கிப்லா எங்கன நிக்கும்? காலைல மேக்க பாத்து தொழுதவன் சாயங்காலம் எங்குட்டுத் திரும்புவான்? எங் குச்சி அங்கனயேதான நிக்குது, நெழலுதான நகருது!"

நிக்காஹ் முடிவாயிற்று.

மணமாகி நாலாம் நாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நெசமாவே பூமி நிக்குதுன்னு நெனச்சா சொன்னீக?"

"ஒனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகப் பூமியவே நிப்பாட்டிப்புட்டீகளாக்கும்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள். பூகோளத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதலாம்.

விஷயம் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமனார் பள்ளிவாசலில் யாரைப் பார்த்தாலும், "எங்க மாப்ள படிச்சவுக, அவுகளே நிக்குதுன்னு சொல்லிட்டாக," என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். கடை முதலாளி, "ஏலே, பூமிய நிப்பாட்டுனவரே, அந்த மூட்டையக் கொஞ்சம் நகத்து," என்பார்.

பொய் சொன்னவனுக்குக் கூலி வேறு மாதிரியும் கிடைத்தது. மாமனாரின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தொழுகையில் தக்பீர் கட்டி நிற்பேன். காலடியில் பாய் மெதுவாகத் திரும்புவதுபோல இருக்கும். சுத்துனா கிப்லா எங்கன நிக்கும்? யாரிடம் கேட்பது? கடைசியில் மனைவியிடமே கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "லோயர் கேம்ப் தாண்டுனா குமுளி பஸ்ஸு எத்தன வளைவு வளையுது? டிரைவர் முன்னாடிதான இருக்காரு, நாம அவரு முதுகப் பாத்துத்தான உக்காந்திருக்கோம்? கஅபாவும் நாமளும் ஒரே பஸ்ஸுங்க."

அன்றைக்கு இஷா தொழுகையில் பாய் அசையவில்லை.

மனசு தெளிந்ததும் பொய் இன்னும் உறுத்தியது. ஆளுக்குச் செய்த தப்பை அந்த ஆளிடமே சொல்லி, மன்னித்தேன் என்று பொருத்தம் வாங்க வேண்டும், அல்லாவிடம் அழுதால் மட்டும் போதாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை பயானில் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்தே சொல்வதுபோல இருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். அவர் ஒரு கொத்து திராட்சையைக் கையில் கொடுப்பார். வாய் அடைபட்டுவிடும்.

மாமனார் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் மனசு நோகப் பேசியிருந்தா பொறுத்துக்கங்க மாப்ள," என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்களும் என்னையப் பொறுத்துக்கங்க மாமு. நான் ஒங்ககிட்ட..."

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல மாமு. பொதுவாத்தான்."

திரும்பி வந்தவர் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அங்கன யாருமே நிக்கல மாப்ள. எல்லாருங் கஅபாவச் சுத்திக்கிட்டே இருக்காக. மாடியில இருந்து பாத்தா தரையே சுத்துற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் பேரீச்சங்கொட்டையைத் துப்ப இடம் தேடினேன். பூமிப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. குச்சியை மட்டும் கடைசிவரை அளந்தார்.

போன வாரம் மண்டபத்து மாடியில் நான் சூரியனைப் பார்த்து நின்று, வலப்பக்கம் கொஞ்சம் திரும்பித் துண்டை விரித்தேன். பேங்க்காரர், "என் போனும் இப்ப அதத்தான் சொல்லுது பாய்," என்றார்.

தோட்டம் இப்போது பிளாட். மோட்டார் ரூம் இருந்த இடத்தில் நம்பர் எழுதிய கல் நிற்கிறது. அதற்கும் நிழல் விழுகிறது, யாரும் அளப்பதில்லை. பூமி சுற்றுகிறதா, நிற்கிறதா என்று என்னிடம் கேட்பாரும் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டியவர்தான் இல்லை.