ஒரே பக்கத்தை அடித்த இருவரோடு பெசன்ட் நகர் வரை

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை ஒன்றுசேர்க்க எங்காவது அழைத்துப் போகலாமா என்று கேட்கும் மேலாளர்களுக்காக, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை போய்வந்ததை எழுதுகிறேன். என் அலுவலகம் தி. நகரில். வெளிநாட்டு நூலகத்துக்காகப் பழைய புத்தகங்களைப் பெண்கள் வீட்டிலேயே தட்டச்சு செய்து பிளாப்பியில் தருவார்கள். வாங்கி வருவது நான். ஒரே மாதத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மீதி இருவரும் போனால் என் வேலையும் போகும். முகம் பார்த்துப் பேசினால் ஒட்டிக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

மூன்றரைக்கு தி. நகரில் பஸ். மயிலாப்பூர் நான்கு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். குளக்கரையில் இருவரில் ஒருவரான ராஜி மாமியை அழைத்துக்கொண்டு பெசன்ட் நகருக்கு 29C பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். இன்னொருவரான நசீமா அடையாறிலிருந்து முன்பே கடற்கரைக்கு வந்திருந்தார். மணலில் உட்கார்ந்து பஜ்ஜி வாங்கினோம். பத்தே நிமிடத்தில் இருவரும் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"தேனீ வளர்க்கற புஸ்தகம் அடிச்சிண்டிருக்கேன். கண்ணு பூத்துப் போறது," என்றார் மாமி.

"எனக்கும் தேனீ புக்குதான் மாமி. நூத்திப் பத்தாம் பக்கத்துல கீறேன்."

"நானும் நூத்திப்பத்துதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே பக்கத்தை இருவருக்கும் கொடுப்போம். கணினி ஒப்பிடும், வேறுபட்டால் பிழை. தொழிலில் அதுதான் வழக்கம். சொன்னால் பேசிவைத்துக்கொள்வார்கள் என்று முதலாளி என் வாயைக் கட்டியிருந்தார். அப்படிப்பட்ட இருவரை நானே அழைத்துவந்து எதிரெதிரே உட்காரவைத்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

"அப்போ நம்பிக்கையே இல்லாமத்தான் இத்தனை நாளா எங்காத்துல வந்து காபி குடிச்சேளா?" என்றார் மாமி. இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள், நான் ஆட்டோவில் திரும்பினேன். முப்பது ரூபாய். "இன்னா சார், மூஞ்சி தொங்கிப் போய் கீது?" என்றார் ஓட்டுநர்.

திங்கட்கிழமை இரண்டு பிளாப்பியும் வந்தன. முதல்முறையாக ஒரு வித்தியாசம்கூட இல்லை. திறந்து மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருவருமே ஒரே வரியை விட்டிருந்தார்கள். ஒருவர் அடித்ததை மற்றவர் நகலெடுத்திருக்கிறார். நான் ஆசைப்பட்ட நம்பிக்கை வளர்ந்துதான் இருந்தது, எனக்கு அதில் இடமில்லை. அடுத்த மாதம் அந்த நூலக வேலை கைவிட்டுப் போயிற்று, அதோடு என் வேலையும் போயிற்று.

போகிறவர்கள் ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது. சொல்லவேண்டியதை பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமி வீட்டுத் தெரு வழியாக நான் இன்னும் போவதில்லை.